ஏலே மக்கா... ஒரு பட்டை பதனி!

“மச்சி, அடுத்த ஜென்மத்துலயாவது இத்தாலியில பொறக்கணும்டா!”

ராத்திரி பதினோரு மணிக்கு, ஹாஸ்டல் ரூமில் இந்த டயலாக்கை விட்டவன் எங்கள் குரூப்பின் ‘பயணப் புலி’. (புலி இதுவரைக்கும் தாண்டின பெரிய எல்லை ஆரல்வாய்மொழிக் கணவாய். அதுவும் அக்கா கல்யாணத்துக்கு!) விஷயம் இதுதான். டிராவல் சேனலில் ஆர்வியேட்டோனு ஒரு ஊரைக் காட்டினார்கள். எரிமலைப் பாறை மேலே அப்படியே தூக்கி வைத்த மாதிரி ஓர் இடைக்கால ஊர். நடுவே பெரிய சர்ச். பாறைக்கு அடியில் குடைந்து குடைந்து குகைகள், அதில் ஒயின் பீப்பாய்கள். அடுத்து மான்ட்டால்சினோனு இன்னொரு மலை ஊர். அங்கே போகிறவர்கள் ஊரைப் பார்க்கப் போகிறார்களா, ஒயினைக் குடிக்கப் போகிறார்களா என்றே தெரியவில்லை. ஊர்ப் பெயர்தான் சரக்குக்கும் பெயர்!

“நம்ம ஊர்ல இப்படி என்ன இருக்கு சொல்லு... கோயில் இருக்கும், புளியோதரை இருக்கும். முடிஞ்சுது!” என்று புலி உறும, அதுவரை மூலையில் படுத்து மொபைல் நோண்டிக்கொண்டிருந்த ஒருத்தன் மெதுவாக வாயைத் திறந்தான்.

“எங்க ஊரும் அப்படித்தாம்ல.”

அவன்தான் இந்தக் கட்டுரையின் ஹீரோ. பேரு போடக்கூடாதுனு கண்டிஷன். அதனால் ஹீரோ என்றே வைத்துக்கொள்வோம். திருச்செந்தூர் பக்கம் பரமன்குறிச்சியைத் தாண்டி ஒரு சின்ன ஊர். ரெண்டு வருஷம் ஒரே ரூம். ஊருக்குப் போனால் ஒரு ஓலைப்பெட்டி நிறைய கருப்பட்டி கொண்டுவருவான். ‘அப்பா என்ன பண்றாங்க?’ என்றால் ‘விவசாயம்’ என்பான். அதோடு சரி. எங்களை ஒரு தடவைகூட வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை.

“வாங்க. சித்திரையில வந்தாத்தான் நல்லாருக்கும். பதனி ஓடுற நேரம்” என்றான். எங்களுக்கு ஆச்சர்யம். டிக்கெட் செலவு கம்மி என்பதால், யோசிக்காமல் கிளம்பிவிட்டோம். நாலு பசங்க, ரெண்டு பொண்ணுங்க. அதில் ஒருத்தி கெமிஸ்ட்ரி. அவள் வந்தது எவ்வளவு நல்லது என்று பிற்பாடு தெரிந்தது.

திருநெல்வேலியில் ரயில் ஏறினால் ஸ்ரீவைகுண்டம், நாசரேத், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று ஆற்றையும் வாழைத்தோப்பையும் உப்பளத்தையும் காட்டிவிட்டு, திருச்செந்தூரில் கொண்டுபோய் விட்டுவிடும். கோயிலைப் பற்றி நாங்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால், ஒரு சின்ன மேட்டர். அறுபடை வீட்டில் மற்றதெல்லாம் மலை, குன்று என்றிருக்க, இது மட்டும் கடற்கரையில் இருக்கிறது என்றுதானே நினைக்கிறோம்? கோயில்காரர்களைக் கேட்டால் ‘இதுவும் மலைதான், கந்தமாதன மலை’ என்பார்கள். வள்ளி குகைக்குப் பக்கத்தில் இருக்கிற மணற்பாறையைப் பார்த்தால், சரிதான் என்று தோன்றும். காற்றும் அலையும் தின்னது போக மிச்சம். 137 அடி உயர ஒன்பது நிலைக் கோபுரம், 2025 ஜூலை 7 கும்பாபிஷேகத்துக்குப் பிறகு பளிச்சென்று இருக்கிறது. பன்னீர் இலை விபூதியை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டு, நாழிக்கிணற்றில் குளித்துவிட்டு (கடலுக்குப் பக்கத்திலேயே உப்புக் கரிக்காத தண்ணி!), பஸ் ஏறினோம். அந்த பஸ்ஸில்தான் ஹீரோ, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான்:

“ஏலே... எங்கப்பா விவசாயம்லாம் இல்ல. பனையேறி.”

யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. புலிதான், “அதுக்கென்னல, சூப்பர்தான!” என்றான். ஹீரோ சிரிக்கவில்லை. “சூப்பர்னு சொல்லுவ. ஸ்கூல்ல என்னை எப்படிக் கூப்பிட்டானுவன்னு உனக்குத் தெரியாது” என்றான். அதற்கப்புறம் ஊர் வரும்வரை யாரும் பேசவில்லை.

சிவப்பு மணல்... பச்சைக் குடை!

காலை ஐந்து மணி. வானம் இன்னும் வெளுக்கவில்லை. தேரிக்குள் நடக்கிறோம்.

தேரி என்றால் தெரியாதவர்களுக்கு: ரத்தச் சிவப்பில் மணல் மலை. காற்று பல ஆயிரம் வருஷமாகக் கொண்டுவந்து குவித்தது. மணலில் இரும்புச் சத்து, அதனால் அந்தச் சிவப்பு. குதிரைமொழித் தேரி, தேரிக்குடியிருப்பு என்று மைல் கணக்கில் விரிந்து கிடக்கிறது. சில இடங்களில் பனை மரம் கழுத்தளவு மணலில் புதைந்து, ஓலை மட்டும் குடை மாதிரி தெரியும். மத்தியானம் செருப்பில்லாமல் நடந்தால் கால் வெந்துவிடும். ஆனால், இந்தப் பாலைவனத்துக்குள்ளேயே மேலப்புதுக்குடி பக்கம் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. பேரிலேயே சுனை! சிவப்பு மணலுக்கு நடுவில் நல்ல தண்ணி. மழை பெய்தால் மணல் அப்படியே குடித்து வைத்துக்கொள்ளும். அதைத்தான் பனை வேர் தேடிப் பிடித்து உறிஞ்சுகிறது.

ஹீரோவின் அப்பா எங்களுக்கு முன்பே வந்து, மூன்று மரம் முடித்திருந்தார். வயசு ஐம்பத்தைந்து இருக்கும். கை, நெஞ்சு, கால் முட்டி எல்லாம் காய்த்துப்போய், பனைத் தோல் மாதிரியே இருந்தது.

“வந்தியளா மக்கா? ராத்திரி தூங்குனியளா? கொசு கடிச்சிருக்குமே...” என்று கேட்டுக்கொண்டே, காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு, மரத்தில் ஒரு கையை வைத்தார். அவ்வளவுதான். நாங்கள் மொபைலில் கேமரா ஆன் பண்ணுவதற்குள் ஐம்பது அடி மேலே நின்றார்!

மேலே என்ன நடக்கிறது? பனை மரம் பாளை விடும். அந்தப் பாளையைக் கடிப்பு என்ற மரக் கிடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை அரிவாளால் மெல்லியதாகச் சீவிவிட்டால், சொட்டுச் சொட்டாகச் சாறு வடியும். அதற்கு நேராகக் கலயத்தைக் கட்டிவிட்டு வருவார்கள். தினமும் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டால் பாளை காய்ந்துவிடும். ஞாயிறு, பொங்கல், காய்ச்சல் எதற்கும் லீவு கிடையாது. மாசி, பங்குனியில் ஆரம்பித்தால் ஆடி வரைக்கும் இதே கதைதான்.

“ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறுவீங்கப்பா?”

“இப்போ முப்பதுதான் மக்கா. முன்னால அம்பது ஏறுவேன். காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி.”

கெமிஸ்ட்ரி மனக்கணக்குப் போட்டாள். முப்பது மரம், ரெண்டு தடவை, ஐம்பது அடி... மொத்தம் மூவாயிரம் அடி! திருச்சி மலைக்கோட்டை உயரம் கிட்டத்தட்ட 273 அடி. அப்படியென்றால், இவர் தினமும் பதினோரு தடவை மலைக்கோட்டை உச்சிக்கு ஏறி இறங்குகிறார். படிக்கட்டு இல்லாமல்! மலை உச்சி ஊர் தேடி இத்தாலிக்குப் போக வேண்டும் என்ற புலி, மரத்தை அண்ணாந்து பார்த்தபடி கம்மென்று நின்றான்.

பனையேறும் மெஷின் வந்திருக்கிறதே என்று கேட்டோம். “வந்துருக்கு. நல்லதுதான். பயிப்படுத பிள்ளைய ஏறலாம். ஆனா, அதை ஒரு மரத்துல மாட்டி, ஏறி, இறங்கி, கழட்டி, அடுத்த மரத்துக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள நான் நாலு மரம் முடிச்சிருவேன்” என்றார். சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சிரிப்பில் ஒரு கெத்து இருந்தது.

ஒரு கோடு சுண்ணாம்பு!

இறக்கிய கலயத்தைச் சாய்த்து, பச்சை ஓலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றித் தந்தார். பட்டையை ரெண்டு கையாலும் பிடித்து, முகத்தையே உள்ளே விட்டுக் குடிக்க வேண்டும். சட்டையில் கொஞ்சம் சிந்தாவிட்டால் நீங்கள் ஒழுங்காகக் குடிக்கவில்லை என்று அர்த்தம். ஜில்லென்று, இனிப்பாக, கொஞ்சம் ஓலை வாசனையோடு, அடியில் லேசாக ஒரு சுண்ணாம்புக் காட்டம். நுங்கை நசுக்கிப் போட்டுக் குடித்தால்... அய்யோ! ஜூஸ் கடையில் பாட்டில் பாட்டிலாகக் குடித்ததெல்லாம் எதற்கு என்று ஆகிவிட்டது.

எழுத்தில் பதநீர். பாட நூலிலும் போர்டிலும் அதுதான். இந்தப் பக்கம் வாயில் வருவது பதனி.

இங்கேதான் எங்கள் கெமிஸ்ட்ரி களத்தில் குதித்தாள். பாளையிலிருந்து வடிகிற சாறில் நிறைய சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் கலயத்திலும் ஈஸ்ட் இருக்கிறது. வெயில் ஏறினால் சில மணி நேரத்தில் சர்க்கரை ஆல்கஹாலாக மாற ஆரம்பித்துவிடும். யாரும் எதுவும் கலக்க வேண்டாம். அது கள். திராட்சைச் சாறு ஒயினாவதும் இதே வேலைதான். அங்கே பீப்பாயில் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள். இங்கே காலையில் கட்டினால் மத்தியானம் ரெடி! கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிவிட்டால் சாறின் காரத்தன்மை கூடி, ஈஸ்ட்டால் வேலை செய்ய முடியாது. அது பதனி.

ஆக, ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கலயம். உள்ளே ஒரு கோடு சுண்ணாம்பு இருந்தால் ‘உடம்புக்கு நல்லது, குடிங்க’. இல்லாவிட்டால் கேஸு! தமிழ்நாட்டில் 1987 ஜனவரியிலிருந்து கள் இறக்கத் தடை. பக்கத்தில் கேரளாவில் போர்டு மாட்டிக் கள்ளுக்கடை நடக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் பனங்கள்ளைப் பாட்டிலில் அடைத்தே விற்கிறார்கள். நம் ஊரில் டாஸ்மாக்கில் பீர் உண்டு, ஒயின் உண்டு. ஆனால், கள் கிடையாது. 2025 ஜூனில், இங்கே பக்கத்திலிருக்கும் பெரியதாழையில், சீமான் பனை மரத்தில் ஏறிக் கள் இறக்கிப் போராட்டம் நடத்தியபோது டி.வி.யெல்லாம் இதே பேச்சுதான்.

‘கள் வேணுமா, வேண்டாமா?’ என்று காலேஜ் பட்டிமன்றத்தில் ரெண்டு பக்கமும் பேசிக் கப் வாங்கலாம். குடும்பங்கள் குடியால் அழிந்த கதை எங்கள் எல்லார் தெருவிலும் உண்டு, அதை யாரும் லேசாகச் சொல்லிவிட முடியாது. ஹீரோவின் அப்பாவிடம் கேட்டோம். 1987-ல் அவருக்குப் பதினேழு வயசு. மரம் ஏற ஆரம்பித்து ரெண்டு வருஷம்.

“கள்ளு குடிக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். எங்கய்யா குடிச்சுத்தான் செத்தாரு. ஆனா ஒண்ணு பாத்துக்கிடுங்க. சுண்ணாம்பு கொஞ்சம் கொறஞ்சி, வெயில்ல பதனி லேசாப் புளிச்சிப்போச்சுன்னு வைங்க... நான் கள்ளன் மாதிரி அதை மணல்ல கொட்டிட்டு வரணும். ஒரு நாள் பாடு அப்படியே போயிரும். மரத்துல ஏறுறதுக்குப் பயமில்ல. இறங்குனப்புறம்தான் பயம்.”

இதைச் சொல்லும்போது ஹீரோ தலையைக் குனிந்து, மணலில் ஓலைத் துண்டால் கோடு கிழித்துக்கொண்டிருந்தான்.

விடிலியில் ஒரு பாடம்!

இறக்கிய பதனியைக் குடத்தில் தூக்கிக்கொண்டு விடிலிக்கு வந்தோம். தோட்டத்துக்குள் ஓலையால் வேய்ந்த குடிசைதான் விடிலி. உள்ளே ஹீரோவின் அம்மா. அடுப்பில் பெரிய சட்டி. ஏறுவது அப்பா வேலை என்றால், காய்ச்சுவது அம்மா வேலை. ‘பனையேறி’ என்று பேர் வருவது அவருக்கு மட்டும். ஆனால், அந்த வெக்கையில் மணிக்கணக்கில் நின்று கிண்டுகிற அம்மாவுக்கு ஒரு பேரும் கிடையாது. இதை முதலில் கவனித்துச் சொன்னது எங்கள் கூட வந்த இன்னொரு பொண்ணு. (அவள் ஹிஸ்டரி. அப்படித்தான் கேள்வி கேட்பாள்.)

முதலில் சுண்ணாம்பு அடியில் தங்கும்படி தெளிய வைத்து, வடிகட்டி, சட்டியில் ஊற்றுகிறார்கள். பனை ஓலையும் மட்டையும்தான் விறகு. கொதித்துப் பொங்கி வழியப் பார்க்கும்போது, ரெண்டு ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுகிறார்கள். பொங்கல் டப்பென்று அடங்குகிறது! சாறு இறுகி, பாகாகி, கூப்பனி பதம் வந்ததும் இறக்கி, துடுப்பால் கிண்டி, சிரட்டைகளில் ஊற்றுகிறார்கள். ஆறியதும் தட்டினால், அரை உருண்டையாகக் கருப்பட்டி. பதம் ஒரு நிமிஷம் முந்தினால் இறுகாது, பிந்தினால் கருகிவிடும். தெர்மாமீட்டர் எதுவும் கிடையாது. ஒரு துளியைத் தண்ணியில் விட்டு, விரலால் உருட்டிப் பார்க்கிறார் அம்மா. அவ்வளவுதான் லேப்!

ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டிலிருந்து பத்து லிட்டர் பதனி வேண்டும். எத்தனை மரம், எத்தனை தடவை ஏற வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது புரிகிறதா, ரோட்டுக் கடையில் ‘ஒரிஜினல் உடன்குடி’ என்று அடிமாட்டு விலைக்குக் கிடைப்பதன் ரகசியம்? சீனியையும் சர்க்கரைக் கழிவுப் பாகையும் காய்ச்சி, கொஞ்சம் கருப்பட்டியைக் கலந்து, சிரட்டையில் ஊற்றினால் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும்.

“எப்படிக் கண்டுபிடிக்கிறதும்மா?”

“ஒடைச்சிப் பாரு மக்கா. உள்ள மினுமினுன்னு கண்ணாடி மாதிரி இருந்தா சீனி. நல்ல கருப்பட்டி மங்கலாத்தான் இருக்கும். வாயில போட்டா இனிப்புக்குப் பொறத்தால லேசா ஒரு உப்பு வரும். மழைக்காலத்துல கசிஞ்சிபோவும். கசியாத கருப்பட்டிய நம்பாத.”

2023-ல் உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தியாவில் முதலில் 2004-ல் டார்ஜிலிங் டீக்குக் கொடுத்த அதே குறியீடு. நம் மாவட்டத்தில் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-லும், ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-லும் கிடைத்திருக்கிறது. மான்ட்டால்சினோ ஒயினுக்கு 1980-லேயே இத்தாலி அரசாங்கத்தின் உச்சபட்ச உத்தரவாத முத்திரை கொடுத்துவிட்டார்கள். அங்கே அந்தச் சீல் இல்லாத பாட்டில் அந்தப் பெயரில் கடைக்கு வர முடியாது. இங்கே? விடிலியில் எந்தச் சீலும் இல்லை. அம்மாவுக்கு அப்படி ஒன்று இருக்கிறதென்றே தெரியாது. “அது எங்க குடுக்காவ?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

ஒரு சட்டி பாகில், சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டுச் சில்லுக் கருப்பட்டி செய்து தந்தார்கள். திருச்செந்தூர் கடைகளில் குட்டி ஓலைப்பெட்டியில் விற்பதும் இதுதான். சூடு ஆறும் முன்னால், ஓலைத் துணுக்கில் வழித்துத் தின்றதை மட்டும் இங்கே எழுதிக் காட்டுவது கஷ்டம், பாஸ்!

பதனிக்கு ஒரு ரயில்!

உடன்குடி பஜாரில் கருப்பட்டிக் கடைகளை ஒரு ரவுண்டு அடித்துவிட்டு, குலசேகரன்பட்டினம் போனோம். தசராவுக்கு வேஷம் கட்டிக்கொண்டு லட்சக்கணக்கில் வருகிற அதே குலசை, முத்தாரம்மன் குலசை. அந்த நேரத்தில் வந்தால் பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டில் காளியோ, குறவனோ, போலீஸோ உட்கார்ந்திருப்பார். மற்ற நாளில் அமைதியான கடற்கரை ஊர்.

ஹிஸ்டரி ஒரு விஷயத்தைத் தேடி எடுத்து வந்திருந்தாள். பாரி கம்பெனி இங்கே கருப்பட்டியிலிருந்து சீனி எடுக்கிற ஆலை ஒன்றை நடத்தியது. அதற்காகவே ரெண்டடி அகலத் தண்டவாளம் போட்டு, குலசேகரன்பட்டினம் லைட் ரயில்வே என்று ஒரு குட்டி ரயில் விட்டார்கள். திருச்செந்தூரிலிருந்து திசையன்விளை வரைக்கும், தேரிக் காட்டுக்குள்ளே! முதல் உலகப் போர் சமயத்தில் ஆரம்பித்தது, 1940-ல் நிறுத்திவிட்டார்கள். கரும்புச் சீனியோடு பனையால் மல்லுக்கட்ட முடியவில்லை. பனை மரத்தை நம்பி ரயிலே ஓடிய ஊர், நம் ஊர்.

இப்போது அதே குலசையில் ராக்கெட். 2024 பிப்ரவரி 28 அன்று இஸ்ரோவின் ரெண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஏன் இங்கே? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகிற ராக்கெட், இலங்கைக்கு மேலே பறக்கக்கூடாது என்பதால் வளைந்து போக வேண்டும். சின்ன ராக்கெட்டுக்கு அந்த வளைவில் செலவாகிற எரிபொருள் பெரிய நஷ்டம். குலசையிலிருந்து கிளம்பினால் நேரே தெற்கே கடல்தான். ஹீரோ படிப்பது மெக்கானிக்கல். “அதுல வேலை கிடைச்சா ஊர்லயே இருந்துக்கலாம்ல?” என்றோம். “கிடைச்சாப் பாப்போம். அதுக்கு எடுத்த நிலத்துலயும் பனை நின்னுச்சு” என்றான். சந்தோஷமா, வருத்தமா என்று அவன் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

பனையை வெட்டவே கூடாதா என்றால், இப்போது வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும். 2021-ல் வந்த தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கூடவே 76 லட்சம் பனை விதையும் கொடுப்பதாகச் சொன்னார்கள். நல்ல விஷயம். ஆனால், இன்றைக்குப் போட்ட விதை பாளை விட, பதினைந்து இருபது வருஷம் ஆகும். அப்போது அதில் ஏற யார் இருப்பார்கள்? இது எங்கள் கேள்வி இல்லை. ஹீரோவின் அப்பா கேட்டது.

மணல் மேட்டில் ஒரு சர்ச்!

புலிக்கு மலை உச்சி ஊர் காட்டுவதாகச் சத்தியம் பண்ணியிருந்தானே ஹீரோ... அதுதான் மணப்பாடு.

குலசையிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல் குன்று. உச்சியில் வெள்ளை வெளேரென்று திருச்சிலுவை ஆலயம். ஒரு பக்கம் கொந்தளிக்கிற கடல், மறுபக்கம் மணல் திட்டு தடுத்து நிறுத்திய கண்ணாடி மாதிரி கழிமுகம். ‘எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே’ என்று தோன்றினால், மணிரத்னத்தின் ‘கடல்’ படம் பார்த்திருப்பீர்கள்.

1540 வாக்கில், புயலில் சிக்கிய போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்று கரை சேர்ந்ததாம். பிழைத்த கேப்டன், உடைந்த பாய்மரத்தில் ஒரு சிலுவை செய்து, இந்த மேட்டில் நட்டதாக ஊர் சொல்கிறது. சர்ச் 1581-ல் கட்டியது. வருஷாவருஷம் செப்டம்பர் 1 முதல் 14 வரை திருவிழா. அதற்கும் முன்னால், 1542-ல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்த சேவியர், குன்றின் கடலோரச் சரிவில் உள்ள குகையில் தங்கியிருக்கிறார். தமிழ் தெரியாது. ஜெபங்களை ஆள் வைத்து மொழிபெயர்த்து, மனப்பாடம் பண்ணி, ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். (எக்ஸாமுக்கு முந்தின நாள் நம் நிலைமைதான்!) 1544-ல் மணப்பாட்டில் உட்கார்ந்து அவர் எழுதிய கடிதங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. குகைக்குள் ஒரு கிணறு. அதிலும் நல்ல தண்ணி! நாழிக்கிணறு, அருஞ்சுனை, இது... மூன்றாவது. இந்தக் கடற்கரையில் உப்புக்கு நடுவில் இனிப்பு ஒளிந்திருப்பதுதான் வழக்கம் போல.

ஊருக்குள் பெரிய பெரிய பழைய வீடுகள். தூணும் வளைவுமாக, பாதி ஐரோப்பா, பாதி தமிழ்நாடு. கொழும்பு வியாபாரத்தில் சம்பாதித்துக் கட்டியவை. பலவற்றில் பூட்டு. திண்ணையில் பாட்டிகள் பனை ஓலையில் கூடை முடைந்துகொண்டிருந்தார்கள். இங்கேயும் பனை!

சாப்பாடு? கடற்கரையில் அன்றைக்கு இறங்கிய சாளையை வாங்கிப்போய், ஹீரோவின் அத்தை வீட்டில் குழம்பு. தேங்காய் அரைத்து, புளி கரைத்து, மண்சட்டியில். கூடவே ஊளி மீன் வறுவல். ‘போதும் அத்தை’ என்றால், ‘சும்மா சாப்பிடுங்க மக்களே’ என்று இன்னொரு கரண்டி. கடைசியில் கருப்பட்டிக் காபி. ஹோட்டல் பேர் கேட்டு எங்களுக்கு மெயில் போடாதீர்கள்.

இன்னொரு நாள் தங்க முடிந்தால் திருச்செந்தூருக்கு வடக்கே காயல்பட்டினம் போங்கள். மார்க்கோ போலோ ‘காயில்’ என்று எழுதி வைத்த காயல் துறைமுகம் இந்தப் பக்கத்தில்தான். கல்யாண வீட்டு அழைப்பு ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். பெரிய சஹன் தட்டைச் சுற்றிச் சிலர் சேர்ந்து உட்கார்ந்து, நெய்ச்சோறும் களறிக்கறியும் கத்தரிக்காயும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். முன்பின் தெரியாதவரோடு ஒரே தட்டில் கை வைக்கிற அனுபவம் வேறு எங்கே கிடைக்கும்? பதனிக்காகப் போகிறவர்கள் பங்குனியிலிருந்து ஆனிக்குள் போய்விடுங்கள். காலை எட்டு மணிக்குள் குடித்துவிடுங்கள். மூட்டைத் தாகத்தோடு போய் மூணு பட்டை அடித்தால் வயிறு சொல்லிக் கொடுக்கும். (புலிக்குச் சொல்லிக் கொடுத்தது!)

சாயங்கால ரயிலுக்குத் திருச்செந்தூர் ஸ்டேஷனுக்கு வந்தோம். ஆளுக்கொரு ஓலைப்பெட்டி கருப்பட்டி. அம்மா காசு வாங்க மறுத்துவிட்டார். கெமிஸ்ட்ரி பெரிய சண்டை போட்டு, பணத்தை விடிலிப் பரணில் செருகிவிட்டு வந்தாள்.

ரயில் கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கும்போதுதான் கவனித்தோம். ஹீரோவின் கையில் பேக் இல்லை.

“நீங்க போங்கல. திங்கக்கிழமை லேப் ரெக்கார்டை மட்டும் சப்மிட் பண்ணிரு. அப்பாக்கு முட்டி வீங்கிக் கெடக்கு. காலைல நடக்கும்போது பாக்கலியா? ரெண்டு நாள் குடம் தூக்க ஆள் வேணும்.”

“நீ மரம் ஏறுவியாடா?” என்றான் புலி, ஜன்னல் வழியாக.

“சின்னதுல ஏறுவேன். அப்பாட்ட சொல்லிராத. ஏறுனேன்னு தெரிஞ்சா அடிப்பாரு” என்றான்.

ரயில் நகர்ந்தது.